விட்டுச் செல்பவரும் ஏற்றுக் கொள்பவரும்

 

நம் உம்மும்மாமார் மார்க்கச் சட்டங்களை அரபுத் தமிழில் ஓதினார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. கற்றுக் கொடுப்போர் குறைந்தனர். இன்று அக்கிதாபுகள் பல வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கின்றன. நூல் உண்டு; ஓதத் தெரிந்தவர் இல்லை.

கம்பியூட்டரிலும் இதுவே நடக்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்த குறிப்புகளை, அந்த எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும்.

மென்பொருளைச் செய்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் என்னாகும்? கம்பியூட்டர்கள் மாறிக் கொண்டே இருக்கும். அதற்கேற்பத் திருத்த ஆளில்லாவிட்டால் மென்பொருள் ஒருநாள் நின்றுவிடும். திருத்துவதற்கு மூல நிரல் வேண்டும். வட்டிலப்பம் சாப்பிட்டவரெல்லாம் அதைச் செய்துவிட முடியுமா? அளவும் பக்குவமும் தெரிய வேண்டுமல்லவா? மூல நிரல் என்பது அதுதான்.

தமிழில் தட்டச்சு செய்ய முகுந்த் அவர்களும் 'தமிழா' குழுவினரும் 'இ-கலப்பை'யைத் தந்தனர். முதலில் அது 'கீமேன்' என்ற பிறர் மென்பொருளின் மேல் இயங்கியது. பின்னர் தன்னார்வலர்கள் அதைச் சாராமல் புதிதாக எழுதி, மூல நிரலையும் திறந்து வைத்தார்கள். 1993இல் மார்க் டர்டின் தொடங்கிய கீமேனும் 2015இல் எஸ்.ஐ.எல். நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பிறகு அதுவும் இலவசமாகி, மூல நிரலும் திறக்கப்பட்டது.

வக்பு செய்தவர் மௌத்தான பின்னும் சொத்து நிலைப்பது எதனால்? பத்திரம் எழுதி, பொறுப்பாளரை நியமித்ததனால் அன்றோ! நிலையான தர்மமும் பயன்தரும் கல்வியும் மரணத்துக்குப் பின்னும் நன்மை சேர்க்கும் என நபி (ஸல்) அவர்கள் கூறியதை நீங்கள் அறிவீர்கள்.

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு மத்ரஸாவுக்கு உங்கள் மகன் வரவு செலவு மென்பொருள் செய்து கொடுத்திருக்கலாம். அவர் கட்டாருக்குப் பயணமாகுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். மூல நிரல் யாரிடம்? கடவுச்சொல் யாரிடம்? இயக்கும் முறையை எழுதி வைத்தாயா? மகளாயின், மணமாகிப் போகுமுன் கேளுங்கள். அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பது மார்க்கக் கடமை.

கூலி வாங்காமல் செய்து தந்தவர் விலகிப் போனால் அவரை ஏசாதீர்கள். அவருக்காக துஆச் செய்யுங்கள். அவர் விட்ட வேலையை ஏற்க உங்கள் பிள்ளைகளில் ஒருவரைப் பழக்குங்கள்.