தழை போட ஆள் எங்கே?



நம் தமிழ் மன்றத்தின் பொங்கல் விழாவன்று அரங்கமே பட்டால் ஒளிர்ந்தது. அதைக் கண்டு மகிழ்ந்திருந்த பொறியியல் மாணவர் ஒருவர், "இத்தனை பட்டும் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். "வேறெங்கிருந்து? காஞ்சியிலிருந்துதான்" என்றார் ஒருவர். "அதெல்லாம் அந்தக் காலம், இப்போது எல்லாம் சீனப் பட்டு" என்றார் மற்றொருவர். இருவர் சொன்னதும் பாதி உண்மைதான். காஞ்சியில் நெய்கிறார்கள், ஆனால் காஞ்சித் தறிகள் நெடுங்காலமாகக் கருநாடகத்துப் பட்டு நூலை நம்பியே ஓடி வந்திருக்கின்றன. சீனத்திலிருந்து ஒரு பகுதி வருகிறது. பெரும்பகுதி நம் நாட்டில் விளைவதே. பட்டுப்புழுவைப் பற்றியே முதுகலை வகுப்பில் படிக்கும் நான் அன்று வாய்மூடி இருந்துவிட்டேன். அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாடு விடுதலை பெற்ற சூட்டோடு, 1949-இல், மத்திய பட்டு வாரியம் அமைந்தது. 1950-களில் நாம் ஆண்டொன்றுக்கு எடுத்த கச்சாப் பட்டு இரண்டாயிரம் டன்னுக்கும் குறைவு. 2000-01-இல் அது 15,857 டன். 2010-11-இல் 20,410 டன். 2017-18-இல் 31,906 டன். பெருந்தொற்று வந்த 2020-21-இல் 33,770 டன்னாகச் சற்றே சரிந்து, மீண்டும் நிமிர்ந்து, 2023-24-இல் 38,913 டன்னை எட்டியது. உலகில் சீனத்திற்கு அடுத்த இடம் நமக்கே. 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் டன் என்று வெளிநாட்டுப் பட்டை வாங்கி வந்த நாடு, 2017-18-இல் 3,712 டன்தான் வாங்கியது. பெருமைப்பட வேண்டிய செய்தியன்றோ!

இதைவிடப் பெரிய விந்தை ஒன்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் நாட்டில் மல்பெரி பயிரான நிலம் மூன்று லட்சம் ஹெக்டேருக்கு மேல். 2023-24-இல் அது 2,63,352 ஹெக்டேர். நிலம் குறைந்தது, பட்டோ இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. எப்படி? மைசூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் தந்த வி-1 மல்பெரி ஒரு காரணம். தழை மிகுதியாகத் தரும் இரகம் அது. 1991-இல் தொடங்கிய இந்திய - ஜப்பானியக் கூட்டுத் திட்டத்தின் பயனாகப் பிறந்த வெண்கூட்டு இரகங்கள் இன்னொரு காரணம். பழைய நாளில் ஒரு கிலோ நூல் எடுக்கப் பதினைந்து கிலோவுக்கு மேல் கூடு வேண்டும். இன்று நல்ல வெண்கூடு ஆறேழு கிலோ இருந்தால் போதும். ஒரே கூட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் நீள இழை அறாமல் வருகிறது!

ஆனால் மொத்தக் கணக்கை மட்டும் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அந்த 38,913 டன்னில் ஏழாயிரம் டன்னுக்குச் சற்று மேல் எரிப் பட்டு. அசாம், மேகாலயா மக்கள் ஆமணக்கு இலை ஊட்டி வளர்ப்பது. அருமையான பட்டுதான், ஆனால் பஞ்சைப் போல் நூற்க வேண்டியது, காஞ்சிச் சேலையின் பாவுக்கு உதவாது. பாவுக்கு வேண்டியது வலுவும் சீரும் உள்ள வெண்கூட்டு நூல். வெளிநாட்டுப் பட்டு நுழையும் வாயிலும் அதுதான். ஆகவே, எவ்வளவு பட்டு என்பதோடு எந்தப் பட்டு என்றும் கேட்க வேண்டும். அதனினும் மேலாக, யார் கையால் என்று கேட்க வேண்டும். இந்த மூன்றாம் கேள்வியை எனக்குக் கற்பித்தது வகுப்பறை அன்று; என் அத்தை.

1956 வரை சென்னை மாநிலத்துப் பட்டு வளர்ப்பு பெரிதும் கொள்ளேகாலம் வட்டத்தில்தான் நடந்தது. மொழிவாரியாக எல்லை வகுத்தபோது கொள்ளேகாலம் மைசூரோடு சேர்ந்தது. அதன் பின் தமிழகத்தில் இத்தொழில் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வேரூன்றித் தழைத்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் என் அத்தை இருபது ஆண்டுகள் புழு வளர்த்தார். அப்பாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து நாங்கள் குடிபெயர்ந்த பிறகும், விடுமுறைதோறும் நான் அங்கேதான் இருப்பேன். முட்டை பொரித்துக் கூடு கட்டும்வரை ஏறத்தாழ நான்கு வாரம். புழு தின்னும் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடைசி வாரத்தில்தான் தின்னும். அந்த வாரம் அத்தைக்கு உறக்கம் இல்லை. நள்ளிரவில் எழுந்து, கை கால் கழுவி, தழை போட்டுவிட்டு, விடியுமுன் மறுபடி எழுவார். நோய் தட்டினால் நான்கு வார உழைப்பும் குப்பைக் குழிக்குப் போகும்.

சென்ற ஆண்டு, இழை நீளம் எப்படி ஏறியிருக்கிறது என்று நான் வரைந்த வரைபடத்தை அத்தையிடம் பெருமையோடு காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நூலு நீண்டுச்சு, சரி கண்ணு. ராத்திரி தழை போட ஆளு எங்கே?"

நான் தலைகுனிந்தேன். அத்தை மகன் ஓசூர்த் தொழிற்சாலைக்குப் போகிறான். மருமகள் ஆசிரியை. நான் இங்கே பட்டுப்புழுவைக் கண்ணாடி வில்லையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! மல்பெரித் தோட்டத்தில் இன்று சாமந்தி பூக்கிறது. அத்தையைக் கைவிட்டவர்களில் நானும் ஒருவன்.

இது ஒரு குடும்பத்துக் கதைதானே என்று எண்ணாதீர்கள். ஜப்பானைப் பாருங்கள். 1929-இல் அங்கே இருபத்திரண்டு லட்சம் குடும்பங்கள் புழு வளர்த்தன. 1930-இல் விளைந்த கூடு ஏறத்தாழ நான்கு லட்சம் டன். 2022-இல் எஞ்சிய குடும்பங்கள் இருநூறுக்கும் குறைவு. அறிவியல் குறைந்ததாலா வீழ்ந்தது? இல்லை, நமக்கே வழிகாட்டிய அறிவியல் அது. நைலான் வந்தது; போர் வந்தது; பிறகு ஆலைகள் அழைத்தன; இளைஞர் சென்றனர்; முதியோர் ஓய்ந்தனர். சிறந்த முட்டை இருந்தது. தழை போட ஆள் இல்லை.

நம் நாடு அந்நிலையை அடைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2017-18-க்குப் பின் நம் மல்பெரி நிலம் மீண்டும் கூடியே வருகிறது. கட்டுபடியானால் உழவன் திரும்பி வருகிறான் என்பதற்கு அது சான்று. கட்டுபடியாகச் செய்வது யார் பொறுப்பு? 2011 நிதிநிலை அறிக்கையில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக இறங்கியது. கூட்டின் விலை சரிந்தது. 2013-இல் வரி 15 ஆக உயர்ந்தது. மலிவான நூல் வேண்டும் என்ற நெசவாளர் கோரிக்கையிலும் நியாயம் உண்டு. ஆயினும் வரியை ஒரே நாளில் மாற்றலாம்; பிடுங்கிய மல்பெரியை ஒரே நாளில் வளர்க்க முடியுமா? மாற்றம் வேண்டுமெனில் படிப்படியாக, முன்கூட்டிச் சொல்லிச் செய்க என்பேன்.

அறிவியல் மாணவருக்கும் ஒன்று சொல்வேன். இழையின் நீளத்தை அளப்பது போல, வளர்ப்பவரின் உறக்கத்தையும் அளப்போம். இலை இலையாகப் பறித்த வேலையைக் கிளையோடு வெட்டிப் போடும் முறை குறைத்தது. இளம்புழுவைப் பொது மையத்தில் வளர்த்துத் தரும் முறை, வீட்டுக்காரருக்கு முதற்கட்ட வேலையை மிச்சமாக்கியது. இவையும் அறிவியல்தான், பட்டைக் காக்கும் அறிவியல் இவையே. பொறியியல் தோழர்களே! இரவில் தழை போடும் சிறு பொறி ஒன்றை, சிறு கொட்டகைக்கு ஏற்ற விலையில், உங்களால் ஆக்கித் தர முடியாதா?

அடுத்த பொங்கலுக்குப் பட்டுடுத்தி வாருங்கள், மகிழ்ச்சி. அதன் பாவுக்குப் பின்னே உறங்காத ஒரு கை இருந்தது என்பதை மட்டும் மறவாதீர்கள். என் ஆய்வுத் தலைப்பை நான் மாற்றிக்கொண்டேன். இனி நான் அளக்கப்போவது, ஒரு கிலோ கூட்டுக்கு ஒரு பெண் விழித்திருக்கும் மணிக்கணக்கை. முதல் கணக்கு என் அத்தையிடம் கேட்டு எழுதியதாகவே இருக்கும்.