சாவி யார் கையில்?

வீட்டை விற்றவர் ஓர் அறையை மட்டும் பூட்டி, சாவியைத் தம்முடன் கொண்டுபோனால் அதை விற்பனை என்போமா? இன்றைய கார்கள் அப்படித்தான் விற்கப்படுகின்றன.

இயந்திரம், பிரேக், காற்றுப்பை என்று காரின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சிறு கணனி உண்டு. அவை தமக்குள் பேசிக்கொள்வது, ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய 'கான்' என்ற வலையமைப்பின் ஊடாக. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசிகள் கொண்ட இணைப்பி ஒன்று இருக்கும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து அது கட்டாயம். அதில் மடிக்கணனியை இணைத்தால், கோளாறு எங்கே என்று கார் தானே சொல்லும். ஆனால் முழுவதையும் சொல்லாது. சட்டம் கேட்டது புகை பற்றிய விபரங்களை; மீதியிற் பெரும்பகுதி நிறுவனத்தின் இரகசிய மொழியிலேயே இருக்கிறது.

"பாதுகாப்புக்காகவே பூட்டுகிறோம்" என்கிறார்கள். 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியைத் தொலைவிலிருந்தே முடக்கிக் காட்டினார்கள். 14 இலட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அவர்கள் நுழைந்தது உரிமையாளர் செருகிய கம்பி வழியாகவா? இல்லை. நிறுவனமே பொருத்திய கைத்தொலைபேசி இணைப்பு வழியாக!

அதே ஆண்டில், தம் காரின் மென்பொருளைத் தாமே ஆராய அனுமதி வேண்டும் என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் கேட்கப்பட்டது. கார் நிறுவனங்கள் எதிர்த்தன. உரிமையாளர்கள் புகைக் கட்டுப்பாட்டைக் குலைத்துவிடுவார்கள் என்று அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமும் ஜூலையில் எதிர்த்து எழுதியது. செப்டெம்பரில் அதே முகவரகம் வோக்ஸ்வாகன் மீது குற்றஞ்சாட்டியது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள், உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் இருந்தது. புகையைக் குலைத்தவர் யார்? உரிமையாளரா, பூட்டியவரா? ஒக்டோபரில் அனுமதி கிடைத்தது. அதுவும் தற்காலிகமாக.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2020இல் நடந்த வாக்கெடுப்பில் நான்கில் மூவர், காரின் தரவு உரிமையாளருக்கும் அவர் தெரிவுசெய்யும் கராஜுக்கும் திறந்திருக்க வேண்டும் என்றனர். நிறுவனங்கள் மக்களின் தீர்ப்பை ஏற்கவில்லை; நீதிமன்றம் சென்றன.

புகைக் கட்டுப்பாட்டைக் குலைப்பவரைத் தண்டியுங்கள். அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் வாசிப்பது குற்றமல்ல. காசு கொடுத்து வாங்கியவனுக்குத் தன் கார் என்ன பேசுகிறது என்று கேட்கும் உரிமைகூட இல்லையென்றால், அவன் உரிமையாளன் அல்லன். வாடகைக்காரன்.