கேட்டுவிட்டு வரைவோம்

புவனகிரியிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில், நோட்டின் கடைசிப் பக்கத்தில் சகபயணிகளை வரைவது எங்களில் சிலருக்கு வழக்கம். வெள்ளாற்றுப் பாலத்தருகே கோடு கட்டாயம் கோணும்! மடியில் கூடையுடன் உறங்கும் பாட்டி, சில்லறைக்குத் துழாவும் கண்டக்டர் எனப் பலர் எங்கள் பென்சிலில் அகப்பட்டதுண்டு.

ஒருநாள் கடலூர் ரயிலில், டோலக் தட்டிப் பாடிவந்த கண்பார்வையற்ற அண்ணனை வரைந்தோம். அன்றுதான் மனம் உறுத்திற்று. விருப்பமில்லாத மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். வரைவதையே அறியாத அவர் என் செய்வார்?

1940இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துறங்கிய மக்களை, சிற்பி ஹென்றி மூர் எதிரே நின்று வரையவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டு, பின்னர் நினைவிலிருந்தே வரைந்தார். அத்தகைய நினைவாற்றல் எங்களுக்கேது? ஆகவே, கேட்டுவிட்டு வரைவதே முறை என்கிறோம். கேட்டால் விறைத்து உட்காருவார்கள், இயல்பு கெட்டுவிடும் என்று எங்களுள்ளேயே ஒரு சாரார் வாதிடுகின்றனர். கெட்டால் கெடட்டுமே!

அடுத்தமுறை அந்த அண்ணனிடம் சொன்னோம். சிரித்தார். “டோலக்கையும் சேர்த்துப் போடு பாப்பா, கயிறு ஒண்ணுகூட விட்டுடாதே” என்றார். கயிறுகளை எண்ணி முடிப்பதற்குள் பரங்கிப்பேட்டை வந்துவிட்டது.