பாதியில் மூடிய நாவலும் ஒரு சாட்சியம்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1954 மே மாதம் நிறைவடைந்தபோது வாசகர்கள் எல்லோரும் மகிழ்ச்சியோடு பத்திரிகையை மடித்து வைத்துவிடவில்லை. 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் வாராவாரம் காத்திருந்து படித்தவர்கள் அவர்கள். கதையை இப்படித் திடீரென்று முடிக்கலாமா, இன்னார் கதி என்ன ஆயிற்று என்று குறைப்பட்டுக் கடிதம் எழுதினார்கள். கல்கி அந்தக் கடிதங்களை ஒதுக்கித் தள்ளவில்லை. முடிவுரை என்று தனியே ஒன்று எழுதி, கதையை ஏன் அந்த இடத்தில் நிறுத்தினார் என்று காரணம் சொன்னார். முக்கியமான பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்பதையும் சுருக்கிச் சொன்னார். இன்றும் ஐந்தாம் பாகத்தின் கடைசியில் அது அச்சாகி வருகிறது. அந்தச் சமாதானம் பாதிதான் தேறும் என்பது என் எண்ணம். அது வேறு கதை. தமிழில் அன்று மிக அதிகமாகப் படிக்கப்பட்ட எழுத்தாளர் ஒருவர், வாசகரின் ஏமாற்றத்தைத் தான் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வியாக மதித்தார். உங்களுக்கு வாசிப்புப் பயிற்சி போதாது என்று அவர் திருப்பி எழுதவில்லை.

இன்று நிலைமை வேறு. விருது பெற்ற நாவல் ஒன்றை நூறு பக்கத்தோடு மூடிவைத்தவர் அதை வெளியே சொல்லவே கூசுகிறார். சொன்னால் என்ன பதில் வரும் என்பது அவருக்குத் தெரியும். முதல் இருநூறு பக்கத்தைத் தாண்டுங்கள், அப்புறம் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். இலக்கியம் என்றால் உழைக்க வேண்டும் என்பார்கள். செல்போன் வந்து பொறுமையைத் தின்றுவிட்டது என்பார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் மூன்றுமே பழியை வாசகர் தலையில் கட்டிவிட்டு, நாவலை ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்பிவைக்கின்றன. புதுச்சேரியைச் சுற்றியுள்ள திருக்கனூர், வில்லியனூர், பாகூர் பக்கத்து வாசகருக்கு இதில் காசும் சேர்ந்திருக்கிறது. புது நாவல் வேண்டுமென்றால் புதுச்சேரிக்குப் பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் ஆண்டிறுதிப் புத்தகக் கண்காட்சி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் தடித்த நாவல் ஒன்றை வாங்கினால், அந்த வருஷத்துப் புத்தகக் காசில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும். அந்தப் புத்தகம் எண்பதாம் பக்கத்தில் கையை விட்டால், அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. உரிமை மட்டுமில்லை, அவர் சொல்வதில் அந்த நாவலைப் பற்றிய ஒரு தகவலும் இருக்கிறது. தமிழ் விமர்சனம் காது கொடுக்காமல் விட்டது அந்தத் தகவலுக்குத்தான்.

பக்க எண்ணிக்கையை முதலில் தீர்த்துவிடலாம். தமிழ் வாசகர் தடிமனைக் கண்டு மிரள்கிறார் என்பதற்குச் சான்று போதாது. 2022-இலும் 2023-இலும் மணிரத்னத்தின் படங்கள் வந்தபோது இளைஞர்கள் பலர் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் தேடிப் பிடித்து வாங்கினார்கள். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' ஒன்றும் கைக்கடக்கமான புத்தகம் இல்லை. பாபுவும் யமுனாவும் ரங்கண்ணாவும் தலைமுறை தாண்டி இன்னும் பேசப்படுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு வேடிக்கையான கணக்கும் உண்டு. அமெரிக்கக் கணித அறிஞர் ஜோர்டன் எல்லன்பர்க் 2014-இல் கிண்டில் வாசகர்கள் அடிக்கோடிட்ட இடங்களை எடுத்துப் பார்த்தார். அடிக்கோடுகள் எல்லாம் முன்பக்கங்களிலேயே குவிந்திருந்தால் பலர் அதற்கு மேல் போகவில்லை என்று ஊகிக்கலாம் அல்லவா? அடிக்கோடுகள் சராசரியாக நூலின் எத்தனை சதவீதத் தூரத்தில் விழுந்தன என்பதுதான் கணக்கு. தோமா பிக்கெட்டியின் பொருளாதார நூலுக்குக் கிடைத்தது 2.4 சதவீதம். எழுநூறு பக்கத்துக்கு மேல் ஓடும் டோனா டார்ட்டின் 'தி கோல்டுபிஞ்ச்' நாவலுக்கு 98.5. இது ஆய்வு இல்லை, பாதி விளையாட்டு என்று அவரே சொல்லிவிட்டார். விளையாட்டிலும் ஒரு குறிப்பு இருக்கிறது: பிடித்துக்கொண்டால் பக்கம் பொருட்டில்லை.

தமிழிலேயே இதைவிட நல்ல சோதனை ஒன்று தானாக நடந்திருக்கிறது. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' 2008-இல் வந்தது. 2011-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நாவல், அறுநூறு ஆண்டு மதுரை வரலாறு. எஸ். ராமகிருஷ்ணன் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார். ஜெயமோகன் விரிவாகப் பாராட்டி எழுதினார். இருவரும் பழுத்த வாசகர்கள். பொறுமையில்லாதவர் என்று யாரையும் தள்ளிவிட முடியாது. அதே எழுத்தாளரின் 'வேள்பாரி' 2016 முதல் 2018 வரை நூறு வாரங்களுக்கு மேல் ஆனந்த விகடனில் வந்தபோது, அடுத்த இதழுக்காகக் காத்திருந்தவர்கள் ஏராளம். அதுவும் புத்தகமானபோது இரண்டு தடித்த பாகங்கள்தான். ஒரே எழுத்தாளர், ஏறக்குறைய ஒரே வாசகர் கூட்டம், இரண்டுமே பெரிய படைப்புகள். வேறுபாடு எங்கிருந்து வந்தது? தொடருக்கு மணியம் செல்வனின் ஓவியம் துணை நின்றது, வாரத்துக்கு ஒரு வாய் என்று ஊட்டினார்கள் என்று சிலர் சொல்வார்கள். சரிதான். ஆனால் 'காவல் கோட்டத்தின்' உள்ளேயே அந்த வேறுபாடு இருக்கிறது. தாதனூர்க் கள்ளர்கள் இருட்டில் களவுக்குப் புறப்படும் பக்கங்களில் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. அந்த நாவலின் ஒரு சிறு பகுதியை வைத்தே வசந்தபாலன் 2012-இல் 'அரவான்' படத்தை எடுத்தார். அரசுகள் மாறும் கதையை அடுக்கிச் செல்லும் பக்கங்களில்தான் கால் சேற்றில் புதைகிறது. பாதியில் நிறுத்தியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் அந்த மாதிரி இடத்தைத்தான் காட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான்: கடந்த இருபத்தைந்து ஆண்டுகளின் பெரிய தமிழ் நாவல்களில் வாசகர் கைவிடும் இடம், பெரும்பாலும் எழுத்தாளர் திரட்டிய தகவல் கதையாக மாறாமல் தகவலாகவே கிடக்கும் இடம். புதுச்சேரிக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள வீட்டுக்குள்ளேயே உதாரணம் இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை வரிசையாகப் படிக்க உட்கார்ந்தால், எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, துணிக்கட்டு என்ன ஆயிற்று, யாருக்கு என்ன வெகுமதி என்று போய்க்கொண்டே இருக்கும். வரலாறு எழுதுகிறவருக்கு அது புதையல். நடுநடுவே மனிதரும் தலைகாட்டுகிறார்: 1748-இல் பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தபோது, பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த பிள்ளை தடுக்க வழியில்லாமல் உள்ளுக்குள் வெந்ததை அந்தக் குறிப்புகளில் பார்க்கலாம். பிரபஞ்சன் இந்தக் குறிப்பு மலையிலிருந்துதான் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரண்டு நாவல்களைச் செதுக்கினார். இரண்டாவதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த ஆளுநர் துய்ப்ளெக்சும் அவர் மனைவியும் பிள்ளையும் ஆசையும் பொறாமையும் உள்ள ஆட்களாக நடமாடும் பக்கங்கள் ஓடுகின்றன. நாட்குறிப்பின் வாடை தூக்கலாக அடிக்கும் பக்கங்களும் அவற்றில் இல்லாமல் இல்லை, அங்கே கண் சொருகத்தான் செய்கிறது. திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் அச்சில் அழுத்தி, காயவைத்து, வண்ணம் பூசும்வரை அது வெறும் கூழ்தான். தகவலும் அப்படித்தான்: கூழ் எவ்வளவு கரைத்தேன் என்று காட்டினால் யாரும் பொம்மை வாங்க மாட்டார்கள்.

அப்படியானால் விறுவிறுப்பான கதைதான் வேண்டுமா, மாத நாவல் எழுதினால் போதுமா என்று கேட்கலாம். கடைசி முப்பது ஆண்டுகளைப் புதுச்சேரியில் கழித்து, 2021 மே மாதம் இங்கேயே மறைந்த கி. ராஜநாராயணன் அதற்குப் பதில். 'கோபல்ல கிராமம்' நாவலில் கதைப்பின்னல் என்று தேடினால் கொஞ்சம்தான் அகப்படும். ஊரும் உறவும் வெள்ளாமையும் பழங்கதையும் வந்து வந்து போகும். ஆனாலும் கை விடாது. காதிலிருக்கும் நகைக்காகக் கர்ப்பிணி ஒருத்தியைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்கிறான் திருடன். அவள் அவன் கால் கட்டைவிரலைக் கடித்த பல்லை விடாமலே செத்துப்போகிறாள். அதைப் படித்தவர் மறக்க மாட்டார். அந்த ஊர்க்காரர்கள் வடக்கேயிருந்து ஓடிவந்த கதையும் வரலாறுதான், தகவல்தான். அதை மங்கத்தாயாரம்மாள் என்ற பாட்டி வாயால் சொல்லவைத்தார் கி.ரா.; எதிரே உட்கார்ந்து கேட்கிறவர்களும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு ஒவ்வொரு வரியிலும் ஓடுகிறது. வாசகரை ஈர்ப்பது என்று நான் சொல்வது மர்மமும் திருப்பமும் அல்ல, அந்த நினைப்பைத்தான்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கூட்டத்தின் ருசிக்குக் காது கொடுத்தால் நல்ல நாவல் பிறக்காது என்பார்கள். விமர்சகர் க.நா. சுப்ரமண்யம் வாழ்நாள் முழுக்கச் சொன்னது ஏறக்குறைய இதைத்தான். தொடர்கதை தமிழ் நாவலைக் கெடுத்தது என்பது அவர் கட்சி. அதில் பாதி எனக்கும் உடன்பாடு. வாராவாரம் வாசகரைத் தக்கவைக்கப் போட்ட முடிச்சுகள் புத்தகமாகச் சேர்த்துப் படிக்கையில் சலிப்பூட்டுவதும் உண்மை. ஆனால் அதே க.நா.சு. ஒரு நாவல் தேறுமா தேறாதா என்று எதை வைத்துச் சொன்னார்? கோட்பாட்டை வைத்து இல்லை. தன் ரசனையை வைத்து, படித்த அனுபவத்தை வைத்துப் பட்டியல் போட்டார்; பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று பெயர் சொல்லி எழுதினார். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டார். இலக்கியத்தின் வாசலைக் கறாராகக் காத்தவரே வாசகன் என்ற முறையில்தான் தீர்ப்புச் சொன்னார் என்றால், கிராமத்தில் இருக்கும் வாசகருக்கு மட்டும் அந்த உரிமை ஏன் மறுக்கப்பட வேண்டும்?

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்துக்காட்டி இன்னொருவர் மறிப்பார். எழுதி முடித்துப் பல ஆண்டுகள் கிடந்து, 1972-இல்தான் வெளிவந்தது. அப்போதும் பெரிய வரவேற்பில்லை, அவரும் எழுதுவதை விட்டுவிட்டார். புரியாத வாசகர்களால் ஒரு பெரிய கலைஞன் அழிந்தான் என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். கூர்ந்து பார்த்தால் வாசகர் மேல் குற்றமில்லை. கையெழுத்துப் பிரதியை அச்சேற்றத் தயங்கியவர்கள் பதிப்பாளர்கள். புத்தகம் கைக்கு எட்டிய பின் அதை ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பி, இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றாக நிறுத்தியதில் சாதாரண வாசகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-இல் வந்தபோதும் அப்படித்தான். வழக்கமான கதை கிடையாது, கற்பனையான ஒரு மலையாள எழுத்தாளனைப் பற்றிய குறிப்புகள். அந்தக் காலத்து இளைஞர்கள் அதை வைத்து விடிய விடியச் சண்டை போட்டார்கள். கடினம் வாசகரை விரட்டுவதில்லை. தன்னைப் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டே போகும் நாவல்தான் விரட்டுகிறது.

இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு. வெறுமனே 'மொக்கை' என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சாட்சியம் ஆகாது. எந்த அத்தியாயத்தில் நின்றோம், அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது, எதை எதிர்பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். சொல்ல முயன்றால் சில நேரம் உண்மை வேறாக இருக்கும்: தூக்கக் கலக்கம், வீட்டுக் கவலை, அட்டையில் போட்ட புகழுரை தூண்டிய பொய்யான ஆசை. பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-இல் வாசகருக்குப் பத்து உரிமைகள் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். புத்தகத்தைப் பாதியில் விடும் உரிமை அதில் மூன்றாவது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அச்சத்தைப் போக்க அது போதும். நமக்கு அதற்கு மேல் ஒரு படி வேண்டும். விட்ட காரணத்தைச் சொல்லும் பழக்கம். வெளியீட்டு விழாவில் ஆறு பேர் மேடையேறிப் புகழ்கிறார்கள், ஏழாவதாக ஒருவர், நூற்றிருபதாம் பக்கத்தில் நின்றுபோனவர், ஏன் நின்றேன் என்று ஐந்து நிமிடம் பேசினால் விழா ஒன்றும் கெட்டுவிடாது. ஆசிரியர் முகம் சுளிக்கலாம், பொன்னாடை கைதவறலாம், அவ்வளவுதான்.

இதில் பெரிய பொறுப்பு பதிப்பகங்களுக்கு. க்ரியா பதிப்பகத்தின் ராமகிருஷ்ணனைப் போல வரி வரியாக உட்கார்ந்து எடிட் செய்தவர்கள் தமிழில் எப்போதும் சிலர்தான். 2020-இல் அவரும் போய்விட்டார். ஆசிரியர் கொடுத்ததைப் பிழைதிருத்தி அப்படியே அச்சுக்கு அனுப்புவதுதான் பல இடங்களில் வழக்கம். முந்நூறு பக்கம் வெட்டியிருந்தால் நின்றிருக்கும் நாவல்கள் எத்தனையோ உண்டு. எடிட்டர் இல்லாத குறையை வாசகர் ஓரளவு ஈடுகட்டலாம். புதுச்சேரி அரசின் கலை பண்பாட்டுத் துறை கிராமங்களிலும் கிளை நூலகங்கள் நடத்துகிறது. நூலகப் புத்தகத்தின் பின்னட்டையில் திருப்பித் தரும் தேதிக்குச் சீட்டு ஒட்டுவார்கள். அதன் கீழே இன்னொரு தாளை ஒட்டி, எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுத இடம் விட்டால் செலவு ஒன்றும் ஆகாது. கிறுக்கலும் வரும், வசவும் வரும். ஆனால் ஒரே அத்தியாயத்தில் பத்துப் பேர் நின்றிருந்தால், மறுபதிப்புக்கு முன் அந்த அத்தியாயத்தை ஆசிரியர் ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்க்கட்டும்.