பயிற்சியும் ஆயத்தமும்

பயிற்சி, ஆயத்தம் என்னும் இரு சொற்களையும் மக்கள் ஒரு பொருளனவாகவே கருதுகின்றனர். ஆயினும் அவற்றிடையே உள்ள வேறுபாடு பெரிது. இன்ன வினா வரும் என்று எண்ணி, அதற்கு வேண்டிய விடையைச் சேர்த்து வைத்துக்கொள்வது ஆயத்தம். எவ்வினா எழினும் எதிர்கொள்ளும் ஆற்றலை வளர்த்துக்கொள்வது பயிற்சி. ஆயத்தம் தேர்வு நாளோடு முடிவது. பயிற்சி வாழ்நாள் முழுவதும் துணைவருவது.

டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கை இவ்வுண்மையை நன்கு விளக்கும். அவர் 1871-ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பலவகை நூல்களைப் பாடங்கேட்டார். ஆசிரியர் செய்யுள் இயற்றிச் சொல்லச் சொல்ல, அவற்றை ஏட்டில் எழுதினார். சொல்லின் பொருளும் யாப்பின் ஓசையும் இவ்வாறு அவர் உள்ளத்திற் படிந்தன.

1880-இல் ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டில் அங்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டோ என அவரை வினவினார். ஐயர் அந்நூலைக் கற்றதில்லை. கற்பிப்பாரும் அன்று அரியர். ஏட்டுச் சுவடிகளில் பிழைகள் மலிந்திருந்தன. சமண சமயக் கொள்கைகளோ அவருக்குப் புதியன. அறிந்த நூல்களுக்கு மட்டும் ஆயத்தமானவராயின், அவர் அங்கேயே தளர்ந்திருப்பார். அவர் பெற்றிருந்ததோ பயிற்சி. ஆதலின் சுவடிகளை ஒப்புநோக்கினார். நச்சினார்க்கினியர் உரையைத் துருவி ஆராய்ந்தார். விளங்காதவற்றைச் சமணரை அணுகிக் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி உரையுடன் வெளிவந்தது. பின்னர்ப் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அவர் பதிப்பாக வெளிவந்தன.

இதனால் ஆயத்தம் வேண்டா என்பது கருத்தன்று. குறித்த நேரத்தில் எழுதிப் பழகுவதும், பழைய வினாத்தாள்களை நோக்குவதும் நலமே. உழுது விதைத்தவன் அறுவடைக்கு அரிவாள் தீட்டுவது முறை. உழாதவன் அரிவாள் தீட்டுவதாற் பயன் யாது? இக்காலத்தில் பயிற்சி நிலையம் என்று பெயர் தாங்கிய இடங்கள் பலவும் ஆயத்தமே செய்விக்கின்றன. அங்கே பிறர் எழுதிய விடையை மனப்பாடம் செய்த மாணவன், வினாவில் ஒரு சொல் மாறினும் திகைக்கிறான். அவனுக்கு மதிப்பெண் கிட்டலாம், கல்வி கிட்டுவதில்லை.

ஆகவே மாணவர் நாள்தோறும் புதிய செய்யுள் ஒன்றையேனும் கணக்கு ஒன்றையேனும் பிறர் துணையின்றித் தாமே முயன்று பார்த்தல் வேண்டும். விடை பிழைபடினும் கவலையில்லை. பிழையை ஆசிரியர் திருத்துவார். முயலாதிருத்தலைத் திருத்த வல்லார் எவர்?