மாசிக்காய் காயன்று

குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும் வழக்கமுள்ள வீடுகளில் மாசிக்காயை அறியாதார் இலர். மருந்துச்சரக்கு விற்போரிடம் கடுக்காய்ப்பூவும் கிடைப்பதுண்டு. ஆயின், மாசிக்காய் காயன்று, கடுக்காய்ப்பூ பூவுமன்று. முன்னையது, மேற்காசியாவில் வளரும் ஒருவகை ஓக்கு மரத்தின் கொம்பிலே சிறு குளவியொன்று முட்டையிடுதலால் எழும் கழலை. பின்னையது, கடுக்காய்மரத்தின் இலையிலே பூச்சியால் உண்டாகும் கழலை. உருவத்தை நோக்கிப் பெயரிட்ட முன்னோர் அவற்றின் பயனையும் கண்டனர். உள்ளே வாழும் சிற்றுயிரின் வரலாற்றைக் காணுதல் நமக்குரிய பணியாகும்.

மேனாட்டார்க்கும் இவ்வரலாறு எளிதிற் புலப்படவில்லை. இறைச்சியிற் புழுக்கள் தாமே தோன்றுவதில்லை, ஈயின் முட்டையிலிருந்தே தோன்றுகின்றன என்று 1668 இல் நிறுவியவர் இத்தாலிய அறிஞர் ரெடி. அவரே, கழலையினுள் இருக்கும் புழுவை மரம் ஈனுகின்றது என்று நம்பினார். அவர் காலத்தவரான மல்பீகி, பூச்சி இடும் முட்டையே காரணம் என்பதை நேரிற் கண்டு 1679 இல் எழுதினார். நூலறிவிற் சிறந்தவரும் தவறிய இடத்தில், பொறுத்திருந்து பார்த்தவர் வென்றார்.

இத்தகைய காட்சிக்கு நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. நம் ஊர்களின் ஆலமரமும் அரசமரமும் போதும். ஆலம்பழம் என நாம் கூறுவது உண்மையிற் பல பூக்களை உள்ளடக்கிய பையாகும். அதன் நுண்வாயிலால் நுழையும் பெண்குளவி பெரும்பாலும் தன் இறக்கைகளை இழந்துவிடுகின்றது. சில பூக்களில் முட்டையிட்டு, பிறவற்றுக்கு மகரந்தம் அளித்து, அங்கேயே இறக்கின்றது. முட்டையிடப்பெற்ற சூலகம் கழலையாகிக் குடம்பிக்கு வீடும் உணவும் ஆகின்றது. முதலில் வெளிவரும் ஆண்குளவிகளுக்கு இறக்கையில்லை. அவை, பெண்குளவிகள் கழலையினுள் இருக்கும்போதே அவற்றைக் கூடி, வெளியேற வழி துளைத்துத் தாம் மடிகின்றன. பெண்குளவிகள் மகரந்தத்தோடு வேறு மரம் நாடிப் பறக்கின்றன. இக்குளவி இன்றேல் ஆலுக்கு வித்தில்லை. ஆல் இன்றேல் இக்குளவிக்கு வாழ்வில்லை.

இதனைக் காண்பதற்கு வேண்டுவன ஒரு கைவில்லை, ஒரு கண்ணாடிப் போத்தல், அதன் வாயைக் கட்ட மெல்லிய துணி, நாள் குறிக்க ஒரு கொப்பி ஆகியனவே. ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கழலையிலிருந்து வெளிவரும் பூச்சியெல்லாம் அதனைக் கட்டிய பூச்சியாகா. கட்டியவனை உண்டு வளர்ந்த ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். ஆகவே, வெவ்வேறு பருவத்துக் கழலைகளைப் பிளந்து ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறவேண்டும். அவசரப்படாத இவ்வொழுக்கத்தை எந்த வினாவிடைத் தொகுப்பும் புகட்டாது.

இன்று நம் மாணவர் பூச்சியின் வாழ்க்கை வட்டத்தைக் கரும்பலகை பார்த்து அழகுற வரைகின்றனர், புள்ளிகளும் பெறுகின்றனர். அவருள் எத்தனை பேர் ஒரு குடம்பியைச் சில கிழமைகளேனும் தொடர்ந்து பார்த்திருப்பர்? காணாததை எழுதிப் பழகிய கை, பிற்காலத்திலும் கேட்டதையே எழுதும் என யாம் அஞ்சுகின்றோம்.

தமிழாசிரியருக்கு இதில் யாது தொடர்பு எனச் சிலர் வினவலாம். கண்டதைக் கண்டவாறு கூறும் உரைநடையே மொழிப்பயிற்சியின் உயிர் என்பது எம் கருத்து. மானிப்பாயோ கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, தமிழில் நூல்களும் ஆக்கிய ஊர். சென்னை இலயோலாக் கல்லூரியிற் பணியாற்றிய பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் கழலைப் பூச்சிகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். நம் மாணவர்க்கும் அவ்வழி அடைபட்டதன்று.

ஆதலின், ஒவ்வொரு தவணையும் ஒரு வகுப்பு ஒரு மரத்தைத் தெரிந்து, அதன் கழலைகளை நோக்கித் தமிழிற் குறிப்பெழுதுக. சிறந்த குறிப்பைக் கல்லூரி மலர் வெளியிடுக. கல்லூரியின் கட்டடங்களுக்கு வழங்கிய பழைய மாணவரின் கைகள் சில கைவில்லைகளையும் வழங்குக. அவற்றின் விலை சிறிது. அவை திறக்கும் கண்களோ பல.