சி.எல்.பி. முடிச்சாச்சு, அடுத்த 9 மாதம் எங்கே? சேம்பரிங் தேடும் முன் நீங்கள் கேட்க வேண்டியவை

காலை எட்டரை மணிக்கு கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்குப் போய்ப் பாருங்கள். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, ஒரு கையில் பைல், இன்னொரு கையில் கைப்பேசி என்று ஒரு கூட்டம் மாடிக்கும் மாடிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் பலர் இன்னும் வழக்கறிஞரே ஆகவில்லை. 'சேம்பரிங்' செய்துகொண்டிருக்கிறார்கள், அதாவது ஒரு மூத்த வழக்கறிஞரின் கீழ் பயிற்சியில் இருக்கிறார்கள்.

வீட்டிலோ சொந்தக்காரர்கள் எப்போதோ பட்டம் சூட்டிவிட்டார்கள். கல்யாண வீட்டில் "இவங்க லாயர்" என்று அறிமுகம் நடக்கும். அடுத்த கேள்வி: "அப்போ நல்ல சம்பளம்தானே?" அங்கேதான் நிறைய பேர் பேச்சை மாற்றுகிறார்கள்.

சட்டம் படிக்கிறீர்கள், அல்லது படித்து முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. தீபகற்ப மலேசியாவைப் பற்றி மட்டும் பேசுகிறோம். சபா, சரவாக்கில் சட்டமும் நடைமுறையும் வேறு.

பட்டம் கிடைத்தால் வழக்கறிஞரா?

இல்லை. 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் முதலில் உங்களை 'தகுதி பெற்ற நபர்' ஆகச் சொல்கிறது. அதற்குப் பல பாதைகள் இருக்கின்றன. மலாயா பல்கலைக்கழகம், யு.கே.எம்., யு.ஐ.டி.எம்., அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சட்டம் படித்தவர்களுக்கு சி.எல்.பி. தேர்வு தேவையில்லை. இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆனவர்களுக்கும் தேவையில்லை. ஆனால் அந்த பார் கோர்ஸுக்குக் கட்டணமே பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் போகும், தங்குமிடமும் சாப்பாடும் தனி.

நம்மில் பலர் போவது மூன்றாவது பாதை. தனியார் கல்லூரியில் சேர்ந்து லண்டன் பல்கலைக்கழகப் பட்டமோ வேறு பிரிட்டிஷ் பட்டமோ வாங்கி, பிறகு சி.எல்.பி. எழுதுவது. 1991-ல் தொடங்கிய பி.ஏ.சி. கல்லூரியின் முழுப்பெயரில் இன்னும் பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது. இந்தப் பாதைக்கும் நம் வட்டாரத்துக்கும் அவ்வளவு நெருக்கம்.

சி.எல்.பி.யில் ஐந்து தாள்கள்: பொதுத் தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில் நடைமுறை. நடத்துவது வழக்கறிஞர் தொழில் தகுதி வாரியம். இந்த வாரியத்தைப் பற்றி ஒரு விஷயத்தை எஸ்.பி.எம். முடித்த தம்பி தங்கைகளிடமும் சொல்லி வையுங்கள். வாரியம் உங்கள் பட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. பட்டத்துக்கு முன்னால் என்ன படித்தீர்கள் (எஸ்.டி.பி.எம்., ஏ-லெவல் மாதிரி), எத்தனை பாடத்தில் தேறினீர்கள் என்பதையும் பார்க்கும். கல்லூரி விளம்பரம் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று சொன்னால் எதற்கு அங்கீகாரம் என்று கேளுங்கள். பட்டத்துக்கு ஓர் அங்கீகாரம், சி.எல்.பி. எழுதுவதற்கு இன்னோர் அங்கீகாரம். மூன்று வருடம் படித்து முடித்த பிறகு இது தெரியவந்தால் யாரும் பணத்தைத் திருப்பித் தரப்போவதில்லை.

உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கு ஒரு வழி, மற்றவர்களுக்கு ஒரு வழி என்று இல்லாமல் எல்லாருக்கும் ஒரே பொதுத் தேர்வு வர வேண்டும் என்ற பேச்சு பல வருடமாக இருக்கிறது. அது வரும் என்று நம்பி உங்கள் திட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த 9 மாதம்

எந்தப் பாதையில் வந்தாலும் எல்லாரும் ஒரே வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். சேம்பரிங், மொத்தம் 9 மாதம். உங்கள் 'மாஸ்டர்' குறைந்தது 7 ஆண்டுகள் தொழிலில் இருந்தவராக இருக்க வேண்டும். இந்தக் காலத்துக்குள் 14 நாள் சட்ட உதவிப் பணியும், வழக்கறிஞர் மன்றம் நடத்தும் தொழில் நெறிப் பயிற்சியும் உண்டு. மூன்று மாதம் கழித்து 'ஷார்ட் கால்' வாங்கினால், வரையறுக்கப்பட்ட சில விவகாரங்களுக்கு நீங்களே நீதிமன்றத்தில் ஆஜராகலாம். கடைசியில் 'லாங் கால்' நடக்கும், அங்கி போட்டுக்கொண்டு குடும்பத்தோடு படம் எடுப்பீர்களே, அந்த நாள்.

இப்போது பணத்துக்கு வருவோம்.

சட்டம் சொல்வது இது: வழக்கறிஞர் மன்றத்தின் எழுத்துப்பூர்வ சிறப்பு அனுமதி இல்லாமல், சேம்பரிங் காலத்தில் நீங்கள் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது, பகுதி நேர வேலை உட்பட. மாஸ்டரிடம் பணம் வாங்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் எவ்வளவு தர வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வேறு வருமானத்துக்குக் கதவு சாத்தப்பட்டிருக்கிறது, இருக்கிற ஒரே வருமானத்துக்கு அடித்தளம் கிடையாது.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட். தொழில்சார் பணி செய்யும் நிறுவனங்களுக்கு, ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தாலும், அன்றே இது நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆக, ஒரு லாயர் ஆபீசில் டெஸ்பாட்ச் வேலை செய்பவருக்கு அந்தப் பாதுகாப்பு தெளிவாக உண்டு. பக்கத்து மேசையில் இருக்கும் சேம்பரிங் மாணவரை மட்டும் 'பயிற்சியில் இருப்பவர், ஊழியர் அல்ல' என்று பார்ப்பதே நீண்ட நாள் வழக்கம். இளம் வழக்கறிஞர்கள் இதைத் தொடர்ந்து கேள்வி கேட்டுவருகிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நமக்கும் படுகிறது. 'நாங்களும் அப்படித்தான் கஷ்டப்பட்டோம்' என்ற பதில் வாடகையைக் கட்டாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,500 ரிங்கிட் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு ரூம் 600, சாப்பாட்டுக்கு நாளைக்கு 20 என்று 26 நாளுக்கு 520, போக்குவரத்துக்கு 200, கைப்பேசிக்கு 50. மொத்தம் 1,370. மிச்சம் 130 ரிங்கிட்டில் கோட்டு, காலணி, வீட்டுக்கு ஏதாவது. உங்கள் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் வேறாக இருக்கும். உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 'முதலில் இடம் கிடைக்கட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்' என்பவர்கள் இந்தக் கணக்கை நாலாவது மாதத்தில் போடுகிறார்கள்.

போக்குவரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ரேபிட் கே.எல்.லின் 50 ரிங்கிட் மாதாந்திரப் பாஸ் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரெல், பஸ்ஸுக்கு உதவும். கிள்ளானிலிருந்து கே.டி.எம். கொமுட்டரில் கே.எல். சென்ட்ரல் வருகிறவர்களுக்கு அது தனிச் செலவு. ஜாலான் டூத்தா நீதிமன்றமோ ரயிலில் இறங்கி நடந்து போகிற இடத்தில் இல்லை. காலையில் கிராப் கட்டணத்தை யார் தருவார்கள்? சின்னக் கேள்விதான், நேர்காணலில் கேட்டுவிடுங்கள்.

கே.எல். பெரிய நிறுவனமா, கிள்ளான் கடைவீட்டு ஆபீசா?

பெரிய நிறுவனத்தில் அலவன்ஸ் பெரும்பாலும் நன்றாக இருக்கும், பெயருக்கும் மதிப்பு உண்டு. நிறுவன ஒப்பந்தம், வங்கி, நடுவர் மன்ற வழக்கு போன்றவற்றில் ஆர்வம் இருந்தால் அங்கேதான் முயற்சி செய்ய வேண்டும். ஆனால் ஒரு பெரிய வழக்கின் ஒரு மூலையை மட்டும் 9 மாதம் பார்த்துக்கொண்டிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ மாடியில் இரண்டு மூன்று வழக்கறிஞர்களோடு இயங்கும் ஆபீஸ் வேறு உலகம். காலையில் கிள்ளான் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், மதியம் வீடு விற்பனைப் பத்திரம், சாயங்காலம் ஓர் அம்மா வந்து மறைந்துபோன கணவரின் இ.பி.எஃப். பணத்தைப் பற்றிக் கேட்பார். அவர் தமிழில் சொல்வார், நீங்கள் ஆங்கிலத்தில் குறிப்பு எடுப்பீர்கள், மனுவை மலாயில் தாக்கல் செய்வீர்கள். தேசிய மொழிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி நீதிமன்ற மொழி மலாய். மூன்று மொழியையும் ஒரே நாளில் பயன்படுத்துகிற வேலை இந்த நாட்டில் அதிகம் இல்லை. உங்கள் விண்ணப்பத்தில் 'தமிழ்: தாய்மொழி' என்று கடைசி வரியில் ஒளித்து வைக்காதீர்கள். 'தமிழில் பேசும் கட்சிக்காரரிடம் வாக்குமூலக் குறிப்பு எடுக்க முடியும்' என்று எழுதுங்கள். முடியாவிட்டால் எழுதாதீர்கள், முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

ஓர் ஆபீசுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் அங்கே உங்கள் நாள் எப்படிப் போகும் என்பதும் தெரியும். வீடு வாங்குவது விற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டண ஆணைப்படி, முதல் 5 லட்சம் ரிங்கிட்டுக்கு வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு. 4 லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு 5,000. இதை நம்பி இயங்கும் ஆபீசில் நீங்கள் நீதிமன்றத்தை அதிகம் பார்க்க மாட்டீர்கள். நில அலுவலகத்தையும் வங்கியையும்தான் பார்ப்பீர்கள். அதில் தவறில்லை. வழக்காட வேண்டும் என்ற ஆசையோடு போய் உட்கார்ந்தால்தான் சிக்கல்.

எப்போது, எப்படித் தேடுவது?

சி.எல்.பி. முடிவு வந்த பிறகுதான் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கு உங்களோடு தேர்ச்சி பெற்ற எல்லாரும் அதே வாரத்தில் மின்னஞ்சல் அனுப்புவார்கள். படிக்கும்போதே ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் செய்த ஆபீஸ் இருந்தால் முதல் மின்னஞ்சல் அங்கே போகட்டும். சின்ன ஆபீஸ்கள் பெரும்பாலும் விளம்பரம் போடுவதில்லை. நேரே ஏறிப்போய் விண்ணப்பத்தைக் கொடுப்பது இன்னும் வேலை செய்கிறது, மாஸ்டர் நீதிமன்றத்தில் இருக்கும் காலை நேரத்தைத் தவிர்த்தால்.

நேர்காணலில் அவர்கள் மட்டும் கேள்வி கேட்கிற மாதிரி விட்டுவிடாதீர்கள். அலவன்ஸ் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும்? நீதிமன்றப் பயணச் செலவு, பார்க்கிங், டோல் யார் பொறுப்பு? கடைசியாக இங்கே சேம்பரிங் செய்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். "இங்கேயேதான் இருக்கார், அதோ அந்த ரூம்" என்றால் ஒரு விதம். "அவங்க பாதியிலேயே போயிட்டாங்க" என்றால், முடிந்தால் அவரைத் தேடிப் பேசுங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நம் வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள். "சார், அலவன்ஸ் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாமா?" என்பதில் எந்த மரியாதையும் குறையவில்லை. நாளைக்குக் கட்சிக்காரரிடம் கட்டணம் கேட்கப்போகிறவர் நீங்கள்தான்.

நீதிமன்றம் வேண்டாம் என்றால்?

சி.எல்.பி.யில் சறுக்கியவர்களும், தேர்ச்சி பெற்றும் வழக்காட மனமில்லாதவர்களும் நிறைய பேர் இருக்கிறார்கள். வங்கிகளில் சட்ட இணக்கப் பிரிவு, நிறுவனங்களின் சட்டப் பிரிவு, காப்பீடு, மனிதவளம், நிறுவனச் செயலாளர் பணி (இதற்குத் தனி உரிமம் தேவை) என்று வேலைகள் உண்டு. இவற்றில் பலவற்றுக்கு லாங் கால் கட்டாயமில்லை. ஆனால் பின்னாளில் நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்குத் தலைவராக வேண்டும் என்றால், சேம்பரிங் முடித்தவருக்கே கை ஓங்கியிருக்கும். அதனால் 9 மாதத்தை மட்டும் முடித்துவிட்டு விலகுகிறவர்களும் உண்டு. மோசமான யோசனை இல்லை.

அரசாங்கத்தில் நீதி மற்றும் சட்டச் சேவை இருக்கிறது: துணை அரசு வழக்கறிஞர், மாஜிஸ்திரேட், சட்ட உதவித் துறை அதிகாரி. விண்ணப்பம் எப்போதும் திறந்திருக்காது, அறிவிப்பு வரும்போது பிடிக்க வேண்டும்.

லாங் கால் முடிந்து அசோசியேட்டாகச் சேர்ந்தால் நீங்கள் ஊழியர். 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டம் சம்பள வரம்பு இல்லாமல் எல்லா ஊழியர்களுக்கும் பொருந்துகிறது. வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேரம். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்கு ஓவர்டைம் உரிமையும் உண்டு. இரவு பத்து மணிக்கு மனு திருத்திக்கொண்டிருக்கும் எத்தனை இளம் வழக்கறிஞர்கள் தங்களுக்காக இந்தப் பிரிவைப் படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கடைசியாக ஒரு நடைமுறை விவரம். உங்கள் 9 மாதம், ஆபீசில் கால் வைத்த நாளிலிருந்து கணக்காவதில்லை. உயர் நீதிமன்றத்தில் உங்கள் மனு தாக்கலான தேதியிலிருந்துதான். 'மெதுவா பார்த்துக்கலாம்' என்று மாஸ்டர் இரண்டு மாதம் தள்ளினால் உங்கள் லாங் காலும் இரண்டு மாதம் தள்ளும், அலவன்ஸும் அதே அலவன்ஸாகவே நீளும். வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எஸ்.பி.எம். சான்றிதழ், பட்டம், சி.எல்.பி. சான்றிதழ், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களைத் தயாராக வைத்துக்கொண்டு, முதல் நாளே கேளுங்கள்: "மனுவை எந்தத் தேதியில் தாக்கல் செய்கிறோம்?"